மூன்று நாள், இரண்டு கார், 72 வயதுத் தாயார்: ஈரோட்டிலிருந்து எந்த வழியில் போகலாம்?

பொங்கலை ஒட்டி மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. உங்கள் குடும்பமும் நண்பர் குடும்பமும் ஈரோட்டிலிருந்து இரண்டு கார்களில் கிளம்பி, முதல் நாள் ஊட்டி, இரண்டாம் நாள் மூணாறு, மூன்றாம் நாள் வால்பாறை என்று சுற்றி வர எண்ணியிருக்கிறீர்கள். மூட்டுவலியுள்ள 72 வயதுத் தாயாரும், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். இது சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாயார் பிறந்த ஊர் வெள்ளகோவில் பக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் பெரும்பாலும் அந்த ஒரு வரியை வைத்தே அமையப்போகிறது.

உங்கள் திட்டத்தை நிறைவேற்ற முடியும். ஆனால் வேண்டாம் என்பதே என் கருத்து. நிலப்படத்தில் மூணாறும் வால்பாறையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், நம்மைப் போன்றவர்கள் செல்ல இரண்டுக்கும் இடையில் நேர்ச்சாலை கிடையாது. மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, ஆழியாறு போய், மறுபடியும் மலையேற வேண்டும். ஊட்டியிலிருந்து மூணாறு செல்வதற்கும் அப்படித்தான் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். ஆக, மூன்று நாளில் மூன்று முறை மலையேறி மூன்று முறை இறங்குகிறீர்கள். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீட்டருக்கு மேல் சராசரியாகப் போக முடியாது, போகவும் கூடாது. எனவே விடுமுறையின் பெரும்பகுதி இருக்கையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதிலேயே கழியும். தாயார் இரண்டாம் நாள் மதியமே, "நான் வேணா வீட்லயே இருந்திருப்பேன்" என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லைப் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வண்டிக்குள் யாருக்கும் மனம் ஒட்டுவதில்லை.

மாறாக, ஒரே ஒரு மலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வால்பாறை. அங்கே செல்வதற்குப் பெருந்துறை, அவிநாசி, கோவை என்று நான்குவழிச் சாலையைப் பிடிக்காமல், காங்கேயம், தாராபுரம், உடுமலை, ஆனைமலை, ஆழியாறு வழியாகச் செல்லுங்கள். மொத்தமாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதை இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வழியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளகோவில், காங்கேயம் பகுதிக் காடு தோட்டங்களுக்கு வரும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட) வாய்க்கால் தண்ணீர் வால்பாறைக்கு அப்பால் சோலையாற்றில் தேக்கிய தண்ணீர். அங்கிருந்து குகைப்பாதை வழியாகப் பரம்பிக்குளத்துக்கும், பின் தூணக்கடவுக்கும், சர்க்கார்பதி மின்நிலையத்துக்கும் வந்து, மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணையை அடைந்து, அங்கிருந்து கிளைக் கால்வாய்களாகப் பிரிந்து நம் பக்கம் வருகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பணி தொடங்கிய திட்டம் இது. நான் சொல்லும் சாலை அந்தத் தண்ணீரைக் கடைமடையிலிருந்து தலைவாய் நோக்கி எதிர்த்துப் போகும் சாலை. வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளையும் நிறுத்திய நாளையும் எண்ணி வளர்ந்த உங்கள் தாயாருக்கு, அந்தத் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்ணால் காட்டலாம். ஊட்டியின் பூங்காவும் படகுத்துறையும் அவருக்கு இதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும். ஆனால் தை மாதம் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரை பக்தர்கள் காங்கேயம், தாராபுரம் சாலைகளில் இரவும் விடியற்காலையும் சாரைசாரையாக நடப்பார்கள். காவடி சுமப்பவர்கள் சாலையின் விளிம்பிலிருந்து தள்ளாடி உள்ளே வருவதும் உண்டு. அந்த நேரத்தில் நாற்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள். எதிரே ஆட்கள் நடந்து வரும்போது முகப்பு விளக்கைத் தாழ்த்திவிடுங்கள். முடிந்தால் தண்ணீரோ பழமோ வாங்கி வைத்துக்கொண்டு, எங்காவது பந்தலில் நிறுத்திப் பிள்ளைகள் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.

காங்கேயத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியைப் பலரும் மலைக்குப் போகும் அவசரத்தில் தூங்கியபடியே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. சாலையின் இருபுறமும் கொறங்காடு தெரியும். கிளுவை முள்ளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி கட்டிய மேய்ச்சல் காடு அது. உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே குடை விரித்ததுபோல வெள்வேல மரங்கள். ஒரு வேலியோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் நில்லுங்கள். பனி இறங்கிய புல்லில் மாடுகள் நறுக்நறுக்கென்று மேயும் சத்தம் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்கும். கிளுவை இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் கைக்கு ஒரு வாசனை ஏறும். அது மதியம் வரை போகாது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, தாயும் கன்றும் வேறு வேறு நிறத்தில் நிற்கும் சோடியைத் தேடச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தாராபுரம் வரும்வரை கைப்பேசியைக் கேட்காது. வேலியைத் தாண்டி உள்ளே மட்டும் போக வேண்டாம். அது ஒருவருடைய காடு, கடவை, அதாவது வேலி வாயிலைத் திறந்து விட்டால் மாடு சாலைக்கு வந்துவிடும்.

வழியில் ஊதியூர் மலை வலப்புறமோ இடப்புறமோ என்று தேடவேண்டியதில்லை; சாலையே அதன் காலடியில்தான் போகிறது. கொங்கணச் சித்தரோடு சேர்த்துச் சொல்லப்படும் மலை அது. படியேறுவதற்குத் தாயாரின் மூட்டு இடம் கொடுக்காது என்பதால், கீழிருந்தே கும்பிட்டுவிட்டு நகரலாம். தாராபுரத்திலிருந்து உடுமலை செல்லும் வழியில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒரே பெரிய வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து இந்தச் சமவெளியில் வீசுவதுதான் அவை இங்கே நிற்பதற்குக் காரணம். தை மாதத்தில் அவை பெரும்பாலும் மெதுவாகத்தான் சுற்றும். ஆடியில் வந்தால், அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருளைக் கார்க் கதவைத் திறக்கும்போதே தெரிந்துகொள்ளலாம். அந்தப் பருவத்தில் வண்டியின் மேலே சாமான் கட்டியிருந்தால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

உடுமலையில் மதிய உணவுக்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அமராவதி அணைக்குப் போகலாம், அல்லது திருமூர்த்தி மலைக்குப் போகலாம். இரண்டையும் ஒரே மதியத்தில் அடைக்க வேண்டாம். அமராவதியில் முதலைப் பண்ணை இருப்பதால் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் இந்தப் பயணத்துக்குத் திருமூர்த்தியே பொருத்தம். அங்கே அமணலிங்கேசுவரர் கோயில் அடிவாரத்திலேயே இருப்பதால் முதியவர்கள் ஏறவேண்டியதில்லை; பஞ்சலிங்க அருவிக்கு நடக்கக்கூடியவர்கள் மட்டும் போய்வரலாம், நீர்வரத்து கூடுதலாக இருந்தால் வனத்துறையும் கோயில் நிர்வாகமும் தடுத்துவிடுவார்கள், அப்போது வாதாட வேண்டாம். திருமூர்த்தி அணையின் முழு நீர்மட்டம் 60 அடி. காண்டூர் கால்வாய் வந்து அணையில் சேர்வதையும், பிரதான கால்வாய் வெளியேறுவதையும் தாயாருக்குக் காட்டுங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுச் சுற்றுமுறையில் தண்ணீர் விடப்படுவதால், நீங்கள் போகும் நாளில் எந்த மண்டலத்துக்குத் திறந்திருக்கிறார்கள் என்பதை அவரே விசாரித்துவிடுவார்.

அங்கிருந்து பொள்ளாச்சி நகருக்குள் போய் நெரிசலில் சிக்காமல், தேவனூர்புதூர் வழியாக ஆனைமலைக்குச் செல்லும் சாலையைப் பிடியுங்கள். இடப்புறம் மலை சுவர்போலக் கூடவே வரும், வலப்புறம் தென்னந்தோப்புகள். மாலை நாலரைக்கு மேல் வெயில் தாழ்ந்து மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும் நேரத்தில் இந்தச் சாலையில் இருக்க வேண்டும். என் கணக்கில் மொத்தப் பயணத்திலும் இதுவே மிக அழகான ஒரு மணி நேரம். இரவு ஆனைமலை அல்லது பொள்ளாச்சிப் பக்கம் தங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு மலை ஏற வேண்டாம்.

இரண்டாம் நாள், மலையேற்றம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. வாந்தி, தலைச்சுற்றல் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வண்டி வளைவதைக் காதின் உட்புறம் உணர்கிறது. கண்ணோ முன்இருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்து, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். ஆகவே யாருக்கு மிகுதியாக வருமோ அவரை முன்இருக்கையில் அமர்த்தித் தொலைவில் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கைப்பேசியும் படக்கதையும் ஆழியாற்றோடு நிற்கட்டும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது. மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. அந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுபவர் தொடவே கூடாது. பிள்ளைகளுக்கும், வேறு மருந்து சாப்பிடும் தாயாருக்கும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து ஓட்டுபவரின் கால்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தாமல், நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்பி வெளியே வந்தால் பாதிப் பேருக்குக் குமட்டலே வராது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை இருக்கிறது. இந்த மலைச்சாலையை அமைத்த பொறியாளரின் பெயர். அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். கீழே ஆழியாறு அணை ஒரு கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர்போலத் தெரியும். அதற்கு அப்பால் தோப்புகள், அதற்கும் அப்பால், முந்தைய நாள் நீங்கள் கடந்து வந்த சமவெளி. அந்தப் பகுதியின் பாறைகளிலும் சாலையோரத் தடுப்புச் சுவரிலும் வரையாடுகள் வரும். நம் மாநில விலங்கு அது; மற்ற இடங்களில் தொலைநோக்கி வைத்துத் தேட வேண்டியதை இங்கே காரின் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். ஒருமுறை நாங்கள் நின்றபோது, ஒரு பெட்டை தன் குட்டியோடு சுவரின் மேல் நின்றது. கீழே நூறு அடிப் பள்ளம். குட்டி அந்தச் சுவரின் விளிம்பில் நான்கு குளம்புகளையும் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பாராமல், கல்லின் ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அப்போது அருகில் நின்ற ஒரு வண்டியிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களிடமும் அன்பாகச் சொல்லித் தடுங்கள். மனிதக் கைக்குப் பழகிய விலங்கு சாலைக்கு வந்து நிற்கிறது, அடுத்து வரும் வண்டி அதை அடிக்கிறது. குரங்கு அருவிப் பக்கத்துக் குரங்குகளுக்கும் இதுவே பொருந்தும்.

அட்டகட்டியைத் தாண்டியதும் தேயிலை தொடங்கும். கவர்க்கல் பகுதியில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. அப்போது முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்து, மெதுவாக ஊர்ந்து செல்லுங்கள். ஓடும் வண்டியில் நான்கு பக்க விளக்குகளையும் சிமிட்டவிட்டால், நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்பது பின்னால் வருபவருக்குப் புரியாது. வால்பாறைக்குச் சற்று முன்பு புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை வண்டியில் அடிபடாமல் இருப்பதற்காக மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வால்பாறையில் அறையில் சாமான்களை வைத்து, தாயார் ஒரு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு, சோலையாறு அணைப் பக்கம் போய்வாருங்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நீர்மட்டத்தின் உச்சம் 160 அடி. தை மாதத்தில் அணை நிறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது, செம்மண் கரை வளையம் வளையமாகத் தெரியலாம். இருந்தாலும் பரவாயில்லை, வந்த காரணம் அந்த நீர்தான். தாயாரை வண்டியை விட்டு இறக்கி, ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்குக் காட்சிமுனைகளில் உட்கார இடமே இருப்பதில்லை. இன்னும் கொஞ்சம் போனால் அதிரப்பள்ளி வந்துவிடுமே என்று நண்பர் சொல்லக்கூடும். மளுக்கப்பாறை வழியாக அது அடர்காட்டுச் சாலை, சோதனைச்சாவடிகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு, போய்த் திரும்ப ஒரு முழுநாள் வேண்டும். இந்த முறை வேண்டாம்.

வால்பாறையில் இரவு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைக்காடுகள் துண்டு துண்டாக இருப்பதால், யானைகள் தோட்டச் சாலைகள் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. யானை அருகில் இருப்பதை அறிவிக்கச் சில இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். அது சிமிட்டினால் மேலே செல்லாதீர்கள். சிறுத்தைகளும் உண்டு. இருட்டத் தொடங்கிய பிறகு பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளின் ஓரம் விளையாட விடவே கூடாது. இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அங்கே தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இந்தத் துயரத்தைப் பட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றியே நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நான் இதில் தவறு செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன், குடும்பத்தோடு இதே சாலையில் இறங்கும்போது, எரிபொருள் மிச்சம் என்று எண்ணி நான்காம் கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினேன். பாதி வளைவுகள் தாண்டியிருப்போம். கருகிய ரப்பர் வாசனை வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே போயிற்று. கைப்பிரேக்கையும் முதல் கியரையும் வைத்து எப்படியோ மண்மேட்டை ஒட்டி நிறுத்திவிட்டேன். பின்சீட்டில் என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த தேயிலை லாரி ஓட்டுநர் இறங்கி வந்து சக்கரத்தைத் தொடாமல் கையை அருகில் வைத்துப் பார்த்தார். "தண்ணி கிண்ணி ஊத்தீராதீங்க. அரை மணி நேரம் அப்படியே உடுங்க. ஏறுன கியருலயேதானுங்க எறங்கோணும்" என்றார். இன்றுவரை அந்த ஒரு வாக்கியத்தை நான் மீறியதில்லை.

நடப்பது இதுதான். வண்டியின் எடை இறக்கத்தில் உண்டாக்கும் வேகத்தை முழுவதும் பிரேக்கே தாங்கினால், அந்த ஆற்றல் அனைத்தும் வெப்பமாக மாறித் தட்டிலும் கட்டையிலும் தேங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் கட்டையின் பிடிப்பு குறைகிறது. பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. இரண்டாம் கியரில் வைத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்பு மட்டும், ஒருமுறை அழுத்தமாக மிதித்து, உடனே விட்டுவிடலாம். தானியங்கி கியர் வண்டியென்றால் எல் நிலையிலோ கைமுறை நிலையிலோ வையுங்கள். உங்கள் நண்பருடையது மின்சாரக் கார் என்றீர்கள். இறங்கும்போது அது மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பியே வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் மின்கலம் முழுக்க நிறைந்திருந்தால் அதற்கு இடமிராது. ஆகவே மலைமேல் நூறு விழுக்காடு மின்னேற்றி இறங்க வேண்டாம். கொஞ்சம் காலியாகவே இருக்கட்டும். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால், ஏறி வருபவருக்குத்தான் வழி; சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அரசுப் பேருந்து வளைவில் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், அது வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

இரண்டு கார்கள் சேர்ந்து போகும்போது ஒரு சிக்கல் வரும். பின்னால் வருபவர் முன்வண்டியைத் தவறவிடக் கூடாதென்று, தன் திறமைக்கு மேல் ஓட்டுவார். விபத்து நேர்வது அப்படித்தான். கண்ணில் படும் தூரத்தில் ஓட வேண்டிய அவசியமில்லை. அடுத்து எங்கே கூடுவது என்பதைப் பேசி வைத்துக்கொண்டு, அவரவர் வேகத்தில் வாருங்கள்: ஊதியூர், திருமூர்த்தி, ஒன்பதாவது வளைவு என்று. மலையில் கைப்பேசித் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். பிள்ளைகளை இடையிடையே வண்டி மாற்றி உட்கார வைத்தால் சண்டையும் குறையும், பெரியவர்களுக்கும் பேச்சு கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். புளிச்சோறு மாலை வரை தாங்கும். அரிசிம்பருப்புச் சோற்றை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பையில் நாலு ஒப்புட்டு (போளி) இருந்தால் கடைப் பொட்டலம் தேவையில்லை. தண்ணீரைச் சில்வர் கூஜாவில் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன்: வழியில் வசதி இருக்காது என்று பயந்து நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். தாயார் வயதில் அது ஆபத்து. காங்கேயம், தாராபுரம், உடுமலை, ஆழியாறு ஆகிய ஒவ்வொரு இடத்திலும் நல்ல உணவகமோ பெட்ரோல் பங்கோ பார்த்து, யாரும் கேட்பதற்கு முன்பே நீங்களாக நிறுத்துங்கள். ஆழியாற்றுக்கு மேல் வால்பாறை வரை நல்ல வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

இ-பாஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பின்னர் வால்பாறைக்கும் கொண்டுவந்தார்கள். அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனியாக எடுத்து, வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாயாரை அழைத்துப் போகாத இன்னொரு வார இறுதியில், ஈரோட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது திம்பம். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு ஏறினால் 27 வளைவுகள். மேலே ஆசனூர், தாளவாடி. 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை அது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது, 2022 பிப்ரவரியிலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவின்படி. ஆசனூரைத் தாண்டிக் காரப்பள்ளம் சோதனைச்சாவடி அருகே, கரும்பு லாரிகளுக்காக யானைகள் சாலையோரம் காத்திருக்கும். அழகான காட்சிதான். ஆனால் கரும்பு கிடைக்காத யானை உங்கள் வண்டியை முகர்ந்து பார்க்க வரும். முன்னால் வண்டிகள் நின்றால் இறங்கிப் போய்ப் பார்க்காமல், இடைவெளி விட்டு நின்று, பின்னால் நகர இடம் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளை ஓட்டப் பழகியவர்களுக்கு மட்டும் சொல்வேன். ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும் என்பதால் அது இளைஞர்களின் மலை. மூணாறு ஆசை விடவில்லையென்றால், அதற்கென்று தனியாக மூன்று நாள் ஒதுக்கி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகப் போங்கள். ஒன்பதாறு சோதனைச்சாவடியை மாலையில் அடைத்துவிடுவார்கள் என்பதால் மதியத்துக்குள் கடக்க வேண்டும்.

வால்பாறையிலிருந்து திரும்பும் நாளில் காலை எட்டு மணிக்கு இறங்கத் தொடங்கினால், நிறுத்தி நிறுத்தி வந்தாலும் மதியத்துக்குள் பொள்ளாச்சி. அங்கிருந்து தாராபுரம் வந்து, போன வழியிலேயே காங்கேயம் போகாமல், வெள்ளகோவில், முத்தூர் வழியாக ஈரோட்டைப் பிடியுங்கள். தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாலை ஐந்து மணி வாக்கில் தாயாரின் ஊர்ப் பக்கம் வந்திருப்பீர்கள். வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்தி, அந்த மடக்கு நாற்காலியை அங்கேயும் ஒருமுறை விரித்துப் போடுங்கள்.